தாமதமாகும் அப்பா

“உங்க அப்பா சித்திரையிலயே இறந்திருக்கணும் மேடம். இப்ப ஆடி. ரொம்பத் தாமதம்.”

“தாமதம்னு சொல்றதுக்கு அவர் என்ன மேம்பாலமா?” என்று சீறினாள் தமயந்தி.

மருத்துவமனையின் திட்ட அலுவலர் சிரிக்கவில்லை. அப்பாவைச் சேர்த்த அன்றே அவருடைய கடைசி நாளைக் குறித்து, அவளிடம் கையெழுத்து வாங்கி, இனி யாரும் மாற்ற முடியாதபடி அட்டவணையைப் பூட்டியிருந்தார்கள். இன்று கட்டிலைக் காலிசெய்தாக வேண்டும்.

“அவர் இன்னும் மூச்சு விடறார் சார். தேதியை மாத்துங்க.”

“ஆள் தாமதமாகும்போதெல்லாம் தேதியை மாத்தினா, எதோட ஒப்பிட்டுத் தாமதம்னு சொல்றது? நீங்க ஒத்துக்கிட்ட அட்டவணைதானே?”

“கையெழுத்துப் போடலேன்னா சேர்க்கவே மாட்டோம்னீங்களே!”

சத்தத்தில் அப்பா கண்விழித்தார். அலுவலரைப் பார்த்து மெல்லக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“தம்பி, பசிக்குது. ரெண்டு இட்லி வாங்கிட்டு வரச் சொல்றீங்களா?”