மாப்பிள்ளை வண்டிக்குக் கண் திறப்பு

உலகத்தோர் அனைவரும் அறிக: மாப்பிள்ளையின் காருக்கு இன்று கண் திறக்கிறது. கோபித்துத் தாய்வீட்டுக்கு அனுப்பிய மனைவியை அழைத்துப்போக வந்தவர், முதலில் முகப்பு விளக்கில் அலங்கார வளையம் எரியட்டும் என்று மாமனாரின் வீட்டுப் பட்டறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மாமனார் விளக்கைச் சூடாக்கிக் கண்ணாடியைப் பிரித்து, தானே வளைத்த நீல விளக்கு வளையத்தைப் பதித்து, பசையிட்டு மூடுகிறார். மகள் பெட்டியோடு நிற்கிறாள். சுவிட்சைப் போட்டதும் அவள் முகம் நீலமாகிறது; கண்ணாடியின் உட்புறம் மாமனாரின் கட்டைவிரல் ரேகை பளிச்சென்று தெரிகிறது.

“என்ன மாமா, கைநாட்டு வச்சிருக்கீங்க? பாக்கறவன் சிரிப்பானே!”

“பிரிச்சுத் துடைச்சா பசை நாளைக்குத்தான் காயும், மாப்பிள்ளை. இவளை இன்னைக்குக் கூட்டிட்டுப் போங்களேன்.”

“வண்டி ரெடியாகட்டும். அப்புறம் வந்து ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கறேன்.”

மகள் பெட்டியை உள்ளே எடுத்துப்போகிறாள்.