நான்காவது சுற்று

"அக்டோபர் மூணு, சனிக்கிழமை. காலை பத்து இருபது. வானம் தெளிவு, காத்து குறைவு," என்று கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அறிவித்தார் கணவர்.

"அடேங்கப்பா! நம்ம கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவன்கூட இவ்வளவு விவரமா எடுக்கலீங்க," என்று மனைவி சிரித்தாள்.

அவள் சிரித்து நெடுநாளாயிற்று. காரில் பெட்டிகளை ஏற்றும்போதே அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "இந்தப் பயணத்துல உங்க ஆபீஸ் ஒரு தடவை தலையைக் காட்டினாலும் சரி, வாண்டைக் கூட்டிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வருவேன்னு கனவுலகூட நினைக்காதீங்க."

அது வெறும் மிரட்டல் அன்று. அண்ணனிடம் பேசி, மாடி அறையை ஒழித்து வைக்கவும் சொல்லியிருந்தாள். சென்ற விடுமுறையில் கணவர் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, தொலைபேசியில் யாரையோ அதட்டிக்கொண்டே இருந்தார். அதற்கு முந்தைய விடுமுறைக்கு அவர் வரவே இல்லை.

இம்முறையோ அவர் வேறு மனிதராகியிருந்தார். திட்டத்தில் இல்லாத இந்தத் தீம் பார்க்குக்காக நெடுஞ்சாலையிலிருந்து தாமாகவே காரைத் திருப்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "வாண்டுக்காக," என்றார்.

நுழைவாயிலருகே இருந்த எடை பார்க்கும் இயந்திரத்தில் மகளை ஏற்றி நிறுத்தினார்.

"இருபத்தொண்ணு."

"நான் என்ன பட்டினியா போடறேன்? தின்னாத்தானே உடம்புல ஒட்டும்!" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

"யாரு உன்னைக் குறை சொன்னா? சரியாத்தான் இருக்கா," என்று அவர் மகளின் கன்னத்தைத் தட்டினார்.

மனைவிக்கு நெஞ்சு இளகிவிட்டது. மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், பதிலுக்கு மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் மனிதர் இவர்.

சிறுவர்களுக்கான ரோலர் கோஸ்டர், பச்சைப் பாம்பு வடிவில் ஆறு பெட்டிகளுடன் நின்றது. ஒவ்வொரு பெட்டியிலும் மடிமீது இறங்கும் ஒரு கம்பி.

"அப்பா, நீங்களும் வாங்கப்பா!"

"நான் உக்காந்தா கம்பி என் தொப்பையிலயே நின்னுடும்டா, உன் மடிக்கு எட்டாது. நீ தனியா, முதல் பெட்டியில ஏறு."

வாண்டு ஏறினாள், இறங்கினாள், உதட்டைப் பிதுக்கினாள். "போங்கப்பா, எறும்பு ஊர்ற மாதிரி போகுது."

"அப்படியா? அப்ப நடுப் பெட்டி."

நடுப் பெட்டிக்குப் பின் கடைசிப் பெட்டி. ஒவ்வொரு முறையும் வரிசையில் அவரே வியர்க்க வியர்க்க நின்றார். மனைவி தண்ணீரை நீட்டியபோது, "நீ நிழல்ல உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்," என்றார். இந்தச் சொற்களை இதற்கு முன் எப்போது கேட்டோம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் சுற்று முடிந்ததும் வாண்டு தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"அப்பா! நான் பறந்தேன்! சீட்டை விட்டு அப்படியே மேல எழுந்துட்டேன்!"

அவருடைய முகம் மலர்ந்தது. மகளுக்கு முன்னால் மண்டியிட்டு அமர்ந்தார். "எங்க? முதல் இறக்கத்துலயா, வளைவுக்கு அப்புறமா?"

"வளைவுக்கு அப்புறம்!"

"கம்பி மடியிலேயே இருந்துச்சா?"

"இல்லப்பா, முட்டிக்குப் போயிருச்சு."

மனைவி மகளின் கையைப் பற்றினாள். "ஏங்க, போதுங்க. வேற எதுலயாவது ஏறட்டும்."

"அட, ஆசைப்படறா. இன்னும் ஒரே தடவை. அதே கடைசிப் பெட்டி. என்ன வாண்டு?"

"ஓ!" என்று கத்திக்கொண்டு வாண்டு ஓடியே விட்டாள்.

மனைவி எழுந்தாள்; மறுபடி உட்கார்ந்தாள். தகப்பன் இன்றுதான் முதன்முறையாக மகளுக்கு வாய்த்திருக்கிறான், அதற்குள் குறுக்கே விழுவானேன் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

வளைவைத் தாண்டிப் பெட்டிகள் சரிந்தபோது மகளின் இரட்டைப் பின்னல் வானத்தை நோக்கி எழும்பியது. உடம்பும் கூடவே எழும்பியது. மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது பாம்பு நின்றிருந்தது. வாண்டு உள்ளேயிருந்து கையசைத்தாள். வேலியருகே கணவர் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கை இம்மியும் அசைந்திருக்கவில்லை.

எனக்குத்தான் எதற்கெடுத்தாலும் பயம் என்று அவள் மூச்சுவிட்டாள். கைபேசியை எடுத்து அண்ணனுக்கு எழுதினாள்: 'மாடி ரூம் வேண்டாம்ண்ணா. இவர் மாறிட்டார்.' அனுப்பியபோது கண் கரித்தது.

அப்போது பூங்காவின் மேலாளர், கழுத்துப் பட்டி தோளில் புரள, மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார்! நீங்க வந்திருக்கீங்கன்னு இப்பத்தான் சொன்னாங்க. பாதுகாப்பு ஆய்வு திங்கக்கிழமைதானே சார்? சின்னப் பிள்ளைங்க எடைக்கு வைக்கிற மணல் மூட்டைகூட இன்னும் வந்து சேரலியே! எதை வெச்சு சோதிப்பீங்க?"

"உங்க மூட்டைக்காக நான் இன்னொரு தடவை இவ்வளவு தூரம் அலைய முடியுமா? சோதனை முடிஞ்சுது," என்றார் கணவர். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, வேலியின்மீது வைத்துக் கையெழுத்திட்டார். "கடைசிப் பெட்டியில கம்பி பிடிக்கல. மூணாவது சுத்துலயே தெரிஞ்சு போச்சு, உறுதிப்படுத்திக்கத்தான் நாலாவது தடவையும் ஏத்தினேன்," என்று சொல்லி, தடை ஆணையை அவரிடம் நீட்டினார்.