மைக்கூட்டு ஆணை

"விடுங்கக்கா, கிழியப்போகுது."

"கிழியட்டும். முதல்ல பார்த்தது நான். இது செத்துப் பல வருஷம் ஆச்சு, நான்தான் சொல்லிட்டு…"

"சாகலக்கா. இன்னும் உயிர் இருக்குன்னுதான் எனக்கு…"

"நாடி பிடிச்சுப் பார்த்தியா?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது ஒரு பழைய அரசாணை. பழுப்பேறிய ஒற்றைத் தாள், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. வழக்கொழிந்த ஆணைகளைத் தேடிப் பிடித்து ரத்துக்குப் பரிந்துரைப்பதுதான் அந்தச் சட்ட ஆராய்ச்சி அலுவலகத்தின் வேலை. அங்கே 'செத்தது' என்றால் யாரும் பயன்படுத்தாதது என்று பொருள்.

சட்டம் படித்து முடித்த கையோடு இருவரும் ஒரே நாளில் ஓராண்டு ஆராய்ச்சி உதவியாளர்களாகச் சேர்ந்தவர்கள். ஆண்டு முடிவில் ஒருத்திக்கு மட்டும் வேலை நிரந்தரம். யார் அதிகம் கண்டுபிடிக்கிறாளோ அவளுக்கு என்று மேலதிகாரி அம்மா சொல்லியிருந்தார்.

மூத்தவளுக்கு இரண்டு வயது கூடுதல், வாங்கிய மதிப்பெண்ணும் கூடுதல். ஆனால் மேலதிகாரிக்கு இளையவளான அந்தச் சுருட்டைமுடிக்காரி எது செய்தாலும் இனித்தது. விளக்கில்லாத குதிரை வண்டிக்கு அபராதம் என்ற ஆணையை அவள் தோண்டியெடுத்துக் கொடுத்ததைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சிரித்தார். மூத்தவள் கண்விழித்து உழைத்துக் கொண்டுவருவதற்கெல்லாம் ஒரு "ம்", அவ்வளவுதான்.

சுருட்டை தன் வேலை உத்தரவை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி, அதன் தலைமேலேயே தினமும் தேநீர்க் கோப்பையை வைப்பாள். அந்த அலட்சியத்தைப் பார்த்தாலே மூத்தவளுக்கு வயிறு எரியும். அவளுடைய உத்தரவு வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், மடிப்புக் கலையாமல் இருந்தது.

இப்போது இருவர் கணக்கும் முப்பத்தாறில் நின்றது. மறுநாள் பட்டியல் முடிகிறது.

தாளில் இருந்தது நாலே வரி. அரசு அலுவலகங்கள் தேவைக்கேற்பக் குறிப்பெழுதிகளை வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு மைக்கூடு வழங்கலாம்.

"குறிப்பெழுதியாம், மைக்கூடாம். இதுக்கா உயிர் இருக்கு?"

"இந்த நம்பரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குக்கா. ஒரே ஒரு நாள் பொறுங்க."

ஒரு நாள் பொறுத்தால் அது யார் பட்டியலில் ஏறும் என்று மூத்தவளுக்கா தெரியாது? இந்தக் குழைவெல்லாம் மேலதிகாரியிடம் செல்லும், என்னிடம் செல்லாது என்று தாளைப் பிடுங்கி, இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சுருட்டை அதன் பிறகு அந்தத் தாளைக் கண்ணால் பார்க்கவில்லை.

ரத்துக்கு முன் எல்லா அலுவலகங்களுக்கும் ஒரு கடிதம் போகும்: இந்த ஆணை உங்களுக்குத் தேவைப்படுகிறதா? அவர்கள் அலுவலகத்துக்கும் ஒன்று வந்தது. வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதும் முறை அந்த வாரம் மூத்தவளுடையது. "தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு, வெளியே போகும் தபால் கட்டில் முதல் ஆளாக வைத்தாள்.

ஆறு வாரத்தில் ஆணை ரத்தானது. மேலதிகாரி கூட்டத்தில் எழுந்து மைக்கூட்டுக் கதையைச் சொன்னார். குதிரை வண்டிக்கு வந்ததைவிடப் பெரிய சிரிப்பு. முப்பத்தேழுக்கு முப்பத்தாறு. மூத்தவள் வேறு யாரையும் பார்க்கவில்லை, சுருட்டையை மட்டும்தான் பார்த்தாள்.

அவளோ முகம் மலரக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. தோற்றவள் கொஞ்சமாவது அழ வேண்டாமா?

மறுநாள் காலை நிரந்தர உத்தரவு வாங்கப் பணியாளர் பிரிவுக்குப் புறப்பட்டபோது, துணைக்கு வா என்று சுருட்டையையும் கையோடு அழைத்துப்போனாள். வாங்குவதை அவள் கண் எதிரே வாங்க வேண்டும்.

அங்கிருந்த கண்காணிப்பாளர் ஓய்வுபெற இரண்டு மாதம் இருப்பவர், எதையும் முதல் வரியிலிருந்து படிப்பவர். பழைய வேலை உத்தரவைக் கேட்டார். மூத்தவள் பட்டுப்புடவை வாசத்தோடு அதை நீட்டினாள்.

அவர் முதல் வரியில் விரலை வைத்தார். மேசையிலிருந்த புது அரசிதழைப் புரட்டி, அதிலிருந்த ரத்துப் பட்டியலில் ஒரு வரியில் இன்னொரு விரலை வைத்தார். இரண்டு விரலையும் மாறி மாறிப் பார்த்தார். மூத்தவளின் பின்னால் நின்று எட்டிப் பார்த்த சுருட்டை, "அய்யோ, இந்த நம்பர்தான்" என்று முனகினாள்.

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க ரெண்டு பேரையும் வேலைக்கு எடுத்ததே இந்தக் குறிப்பெழுதி ஆணைப்படிதாம்மா, இது தேவையில்லைன்னு கையெழுத்துப் போட்ட புண்ணியவதி யாரு?"