சின்ன கார்டின் முதல் ஓட்டம்

பழைய கம்ப்யூட்டருக்குள் புதிதாக வந்து சேர்ந்தது திரையில் படம் காட்டும் ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு. அங்கே எல்லோருக்கும் கரண்ட் கொடுத்துவந்த பவர் சப்ளை அதைப் பார்த்ததும் நடுங்கியது.

"தம்பி, போன மாசம் பெரிய கார்டு ஒண்ணு வந்துச்சு. அது கேட்ட கரண்டைக் கொடுக்க முடியாம மயங்கி விழுந்துட்டேன். இன்னொரு தடவை விழுந்தா என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்க."

"எனக்குக் கொஞ்சம் போதும்ணே," என்றது கார்டு. சொல்லிவிட்டதே தவிர, அதற்கும் உள்ளூர உதறல்தான்.

அந்த வீட்டுப் பெண் நஸ்ரின் கார் பந்தய விளையாட்டைத் திறந்தாள். படம் திக்கித் திணறியது. செட்டிங்கில் நிழலையும் புல்லையும் குறைத்தாள்; கார்டுக்கு வேலை குறைந்தது. கார் வழுக்கிக்கொண்டு பறந்தது.

"அம்மா, ஓடுது!" என்று கத்தினாள்.

"அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்றது கார்டு.

"நல்லாத்தான்டா இருக்கேன். இன்னும் கொஞ்சம் வேணும்னாலும் கேளு!"