இஸ்திரிப் பெட்டிக்குப் பச்சை ஸ்டிக்கர்

"காலங்காத்தால இஸ்திரி பொட்டியப் போட்டுக்கினு கரண்ட்ட உறிஞ்சாதன்னு எத்தினி தபா சொல்றது? இந்த ஹோமுல மீட்டரு ஓடுறதே உன்னாலதான் நைனா!"

டெஸ்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு எலக்ட்ரீஷியன் அப்சல் உள்ளே நுழைந்ததும் முதலில் காதில் விழுந்தது இந்த அர்ச்சனைதான்.

அர்ச்சனை செய்தவர் பெர்சிஸ். ராயபுரத்தில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தின் வார்டன். வாங்கிக் கட்டிக்கொண்டவர் உச்சிமாகாளி. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். வயது எழுபத்தெட்டு.

பெரியவர் காக்கிச் சட்டையின் கை மடிப்பைத் தடவிவிட்டுக்கொண்டார். மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

'எச்சில் கையால் காக்காய் ஓட்டாத பொம்பளை போல' என்று அப்சல் மனசுக்குள் திட்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்தான்.

ஃபேன், கெட்டில், ஹீட்டர் என்று அங்கே பிளக் மாட்டிய எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். நன்றாக ஓடினால் பச்சை ஸ்டிக்கர். இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு ஒட்டிய சாமானை யாரும் மறுபடி செருகிவிடாதபடி பிளக்கை அந்த இடத்திலேயே வெட்டிவிட வேண்டும். வழக்கமாக வருகிறவர் லீவு என்பதால் இந்த வருஷம் அப்சல் வந்திருந்தான்.

கடைசியாக உச்சிமாகாளி வந்தார். இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"வெட்டிடாத தம்பி. மூர் மார்க்கெட்ல என் சம்சாரம் வாங்கிக் குட்த்தது. முப்பத்திநாலு வருசம் இதுலதான் தேய்ச்சிப் போட்டுக்கினு டூட்டிக்குப் போனேன். மடிப்பு கலைஞ்ச சட்டையோட போனா போர்மேன் கேட்டாண்டயே திருப்பி அனுப்பிடுவாரு, தெரியுமா?"

அப்சலுக்குத் தெரியும். அவன் அத்தா ஹார்பரில் வாட்ச்மேனாக இருந்தவர். காலை ஆறு மணிக்கு வீடு முழுக்கச் சூடான காக்கித் துணியின் வாசனை அடிக்கும். தண்ணீர் தெளிக்கும்போது எழும் 'சுர்' சத்தத்தில்தான் இவன் கண் விழிப்பான். அத்தா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த வாசனைக்கு மனசு இன்னும் ஏங்கத்தான் செய்கிறது.

'அல்லாவே, இது பாஸ் ஆகிவிடட்டும்' என்று வேண்டிக்கொண்டே மெஷினில் மாட்டினான்.

ஒயர் சரி. எர்த் சரி. ஷாக் அடிக்க வழியே இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். ஐந்து நிமிஷம் ஆகியும் பெட்டி ஜில்லென்றே இருந்தது. திருகாணியைக் கழற்றிப் பார்த்தான்.

உள்ளே சூடாக்கும் காயில் கம்பியே இல்லை. அது இருந்த இடத்தில் தூசு படிந்திருந்தது.

"நைனா, இன்னிக்குக் காலைல இதுலயா தேய்ச்சீங்க?"

"பின்ன? அந்தம்மா கத்துனத நீயுந்தான கேட்ட?"

அப்சலுக்கு ஒன்றும் புரியவில்லை. சிவப்பு ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு வார்டன் அறைக்குப் போனான். கதவைத் திறந்ததும் குப்பென்று அடித்தது அந்த வாசனை. சூடான காக்கித் துணியின் வாசனை.

மேஜைமேல் ஒரு புது இஸ்திரிப் பெட்டி. அதன் பக்கத்தில், பெரியவர் போட்டிருந்ததைப் போலவே இன்னொரு காக்கிச் சட்டை, பாதி தேய்த்தபடி.

"கதவ சாத்து தம்பி" என்றார் பெர்சிஸ், குரலைத் தணித்துக்கொண்டு.

"சுகர்ல அவரு வெரலுக்கு உணர்ச்சியே கெடையாது. கண்ணும் மங்கல். ரெண்டு வருசம் முன்ன பொட்டி பட்டு உள்ளங்கை வெந்துபோச்சி, அவருக்குத் தெரியவே இல்ல. பொட்டிய வாங்கி பீரோல வெச்சேன். மூணு நாளு ரூம விட்டு வெளிய வரல. சோறும் துன்னல. அப்புறந்தான் காயிலக் கழட்டிட்டுத் திருப்பிக் குடுத்தேன். தெனம் அவரு தேய்ச்சி மாட்டிட்டுக் குளிக்கப் போவாரு. நான் போயி சட்டைய மாத்தி மாட்டிடுவேன். வழக்கமா வர்றவருக்கு விசயம் தெரியும்."

அப்சல் பாதி தேய்த்த சட்டையைப் பார்த்தான்.

"அப்ப காலைல ஏன் மேடம் அந்தத் திட்டு திட்டுனீங்க?"

"நான் திட்டலன்னா, பொட்டி சூடாவுதுன்னு அவருக்கு எப்டிப்பா தெரியும்?"

அப்சல் ஹாலுக்குத் திரும்பி வந்தான். பெரியவர் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பச்சை ஸ்டிக்கர் ஒன்றை உரித்துக் கைப்பிடியில் அழுத்தி ஒட்டினான். வார்டன் அறை வரைக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்:

"பாஸ் நைனா! சூடுதான் கொஞ்சம் ஜாஸ்தியா கீது, பாத்துத் தேய்ங்க!"