துணை இயக்குநரின் வரிப்பணம்

தாஷ்கண்ட் வாழ் மக்கள் அனைவரும் அறிவதாவது: துணை இயக்குநர் ஊரின்பாய்க்கு அரசாங்கமே கடன்பட்டிருக்கலாம். மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் காட்டினால், பிடித்த வருமான வரி திரும்ப வருமாம். கணக்காளர் மவ்ஜூதாவின் மேசைக்கே வந்து போனை நீட்டினார்.

“வருமான்னு பாரு தங்கச்சி. வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாது. அந்தக் காசுல கூண்டுல வளர்க்க ஒரு பாட்டுக் காடை பார்த்து வெச்சிருக்கேன், என்னமா பாடுது தெரியுமா?”

“அண்ணிகிட்ட சொல்லாமலா, அண்ணே?”

“பொண்டாட்டிகிட்ட காசைக் காட்டுறவன் ஆம்பளையா?”

மவ்ஜூதா வரித்துறைச் செயலியைத் திறந்து பார்த்தாள்.

“இனிமே வராதுண்ணே, வந்தாச்சு. பதினாலு லட்சம் சோம். போன மாசமே உங்க சம்பள அட்டையில ஏறியிருக்கு.”

“நான் மனுவே போடலையே.”

“உங்க போன்லேருந்துதான் போயிருக்கு. மார்ச் எட்டாம் தேதி.”

மகளிர் தினம். அன்று பரிசு வாங்க மறந்து வீட்டுக்குப் போனவரை மனைவி திட்டவே இல்லை. தன் மீசைக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்திருந்தார்.

“யார் போட்டா என்னண்ணே, பணம் உங்களுதுதானே? அட்டையை எடுங்க, பார்த்துடலாம்.”

அலுவலகத்தில் சம்பளத்தை அட்டையில் போட ஆரம்பித்த நாளிலிருந்து, அது அவர் மனைவியின் கைப்பையில்தான் இருக்கிறது.