வண்டிச் சாவி

வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாள்தான் மாப்பிள்ளை என் காரை எடுத்துப் போனார். ஞாயிறு காலை ஸ்டார்ட் செய்தால், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே என்ஜின் உறுமுகிறது, அடங்குகிறது, மறுபடி உறுமுகிறது.

பதினெட்டு வருஷமாக என் கை மட்டுமே பட்ட வண்டி.

"ஓட்டத் தெரியாதவங்க கையில கொடுத்தா இப்படித்தான்," என்றேன், மாடிக்குக் கேட்கும்படி. மகளும் மாப்பிள்ளையும் மாடியில்தான் குடியிருக்கிறார்கள்.

ஒரு மணி நேரம் போராடினேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். ஏர் ஃபில்டர் குழாயை மட்டும் தொடவில்லை. போன ஞாயிறு ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டு நானே மாட்டியது. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

மாப்பிள்ளை இறங்கி வந்தார். பின்னாலேயே மகள்.

"என்னப்பா, மறுபடி எதையாவது மறந்துட்டீங்களா?"

சுருக்கென்றது. போன மாதம் கார் விளக்கை அணைக்க மறந்தேன். அடுத்த வாரமே ஹேண்ட்பிரேக் போட மறந்து, வண்டி தானாக உருண்டு கேட்டில் போய் நின்றது. 'இன்னொரு தடவை மறந்தா சாவி என்கிட்ட' என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள். என் மகளாயிற்றே.

"நான் என்ன மறந்தேன்? உன் வீட்டுக்காரரைக் கேளு."

மாப்பிள்ளை வண்டிப் பக்கம் வந்தார். ஓடும் என்ஜினுக்கு மேல் குனிந்து காதைக் கொடுத்தார்.

"உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேக்குது பாருங்க மாமா."

ஏர் ஃபில்டர் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். என்ஜின் நல்ல பிள்ளையாக அடங்கியது. கையை எடுத்தார். உறுமல்.

"இடுக்கு வழியா காத்து புகுது. குழாயைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கிற வளையக் கிளிப்பைக் காணோம். வண்டி ஆட்டத்துல குழாய் நழுவியிருக்கு."

கொஞ்சம் தயங்கினார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்தே அந்தக் கிளிப்பை எடுத்தார்.

"நான்தான் மாமா. வெள்ளிக்கிழமை சும்மா திறந்து பார்த்தேன். கழட்டினதை மாட்ட மறந்துட்டேன்."

"சரியாப் போச்சு," என்றாள் மகள். "அப்பாவுக்காவது வயசாச்சு. உங்களுக்கு என்ன?"

அவர் சிரித்துக்கொண்டே கிளிப்பை மாட்டி முறுக்கினார். என்ஜின் சீராக ஓடியது.

"பரவாயில்ல மாப்பிள்ளை," என்றேன் பெருந்தன்மையாக. "இனிமே எங்கயாவது போகணும்னா சொல்லுங்க. நானே கொண்டுபோய் விடறேன்."

சாவியை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு மேலே போனார்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி துவைத்த துணிகளோடு வந்தாள்.

"ஏங்க, வண்டி சரியாயிடுச்சா? போன ஞாயிறு நீங்க கழட்டிப் போட்ட அழுக்குச் சட்டையை இன்னைக்குத்தான் ஊறப்போட்டேன். பையில ஒரு இரும்பு வளையம் கிடந்துச்சு. வண்டிச் சாமானா இருக்கும்னு, மாடியிலேருந்து இறங்கி வந்த மாப்பிள்ளைகிட்ட கொடுத்தேன். உங்ககிட்ட கொடுத்தாரா?"

தண்ணீரை நிறுத்தினேன்.

"கொடுத்துட்டார்," என்றேன்.

மாடிப்படி ஏறினேன். மகள்தான் கதவைத் திறந்தாள். சாவியை அவள் கையில் வைத்தேன்.

"எதுக்குப்பா?"

"நீ சொன்ன அந்த இன்னொரு தடவை ஆயிடுச்சும்மா."